கருப்பரிசி, சிவப்பரிசி: நிறத்துக்குக் காசு கொடுக்கலாம், புரதத்துக்கு?

வண்ண அரிசிப் பாக்கெட் எதை எடுத்தாலும் முன்பக்கத்தில் இரண்டு வாசகங்கள் கண்ணில் படும். ஒன்று ‘ஆந்தோசயனின் நிறைந்தது’, இன்னொன்று ‘அதிகப் புரதம்’. ஆந்தோசயனின் என்பது ஊதா, கருநீலம் தருகிற இயற்கை நிறமி. முதலாவது கருப்பரிசிக்குப் பொருந்தும். சிவப்பரிசிப் பாக்கெட்டில் அதே வாசகம் இருந்தால் அச்சடித்தவருக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள். இரண்டாவது வாசகத்துக்கும் அரிசியின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எந்த அரிசிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம், எதை அப்படியே அலமாரியில் திருப்பி வைக்கலாம் என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் நிறம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். உமியை நீக்கியதும் கிடைக்கும் முழு அரிசியின் மேல் மெல்லிய தோல் அடுக்குகள் இருக்கின்றன. கனித்தோல், விதைத்தோல், அதற்கடியில் அலுரோன் என்ற அடுக்கு, எல்லாம் சேர்ந்ததுதான் தவிடு. முழு அரிசியின் எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. நிறமி அத்தனையும் இந்தத் தவிட்டில்தான். உள்ளே இருக்கும் மாவுப்பகுதி கருப்பரிசியிலும் வெள்ளைதான். பச்சரிசியாக உள்ள கருப்பரிசி ஒன்றைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள்: பேனாவால் வரைந்த கோடு மாதிரி ஓரத்தில் மட்டும் கருநீலம், நடுவில் சுண்ணாம்பு வெள்ளை. நீங்கள் கூடுதல் காசு கொடுப்பது அந்தக் கோட்டுக்குத்தான்.

உமியின் நிறத்தை வைத்து ஏமாறவும் வேண்டாம். கருங்குறுவை நெல்லுக்கு உமி கருப்பு, அரிசி சிவப்பு. காலாநமக் நெல்லுக்கும் உமி கருப்பு, அரிசியோ வெள்ளை. இலை, தண்டெல்லாம் ஊதாவாக இருந்தும் வெள்ளை அரிசி தருகிற ரகங்களும் உண்டு. ‘கருப்பு நெல்’ என்று சொல்லி விற்றால் உமி நீக்கிய அரிசியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

கருப்பரிசி: நிறமிக்கு முதலிடம்

கருப்பரிசி உண்மையில் கருப்பு இல்லை, அடர்ந்த ஊதா. அந்த நிறமியில் பெரும்பங்கு சயனிடின்-3-குளுக்கோசைடு என்ற ஒரே ஆந்தோசயனின். அடுத்து பியோனிடின்-3-குளுக்கோசைடு. மற்றவை எல்லாம் சில்லறை. கவுனி, மணிப்பூரின் சாக்-ஹாவ், தாய்லாந்தின் ரைஸ்பெரி எல்லாவற்றிலும் இதே ஜோடிதான், அளவுதான் மாறும். அந்த மாற்றமும் கொஞ்சநஞ்சம் இல்லை, ரகத்துக்கு ரகம் பத்து மடங்குக்கு மேல் போகும். ஒரே ரகத்துக்குள்ளும் மாறும்: மணி பால் பிடித்து முற்றும் நாட்களில் வெப்பம் அதிகமாக இருந்தால் நிறமி குறையும், குளிர்ச்சியாக இருந்தால் கூடும். அதனால் போன அறுவடைப் பாக்கெட் கன்னங்கரேல் என்று இருந்து, இந்த அறுவடைப் பாக்கெட் பழுப்பு கலந்து இருந்தால் உடனே கலப்படம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

பாக்கெட்டில் ஆந்தோசயனின் எத்தனை மில்லிகிராம் என்று எண் போட்டிருந்தால் அது எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள். நம்பத்தக்கது பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) வேறுபாட்டு முறை. அரிசிச் சாற்றை பிஹெச் 1.0 இலும் 4.5 இலும் தனித்தனியே வைத்து 520 நானோமீட்டர் ஒளியில் அளந்து, 700 இல் வரும் கலங்கலைக் கழித்துக் கணக்கிடுவார்கள். ‘மொத்தப் பீனால்’ என்று போடும் எண் வேறு, ஆந்தோசயனினோடு மற்ற பீனால் சேர்மங்களையும் சேர்த்த கணக்கு. அது ஆந்தோசயனின் எண்ணைவிடப் பெரிதாக வரும், விளம்பரத்துக்கும் வசதி. எண்ணே போடாமல் ‘நிறைந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் பெயரடை.

சிவப்பரிசி: வேறு சரக்கு, வேறு வேலை

மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், நவரா ஆகியவற்றின் சிவப்புக்குக் காரணம் புரோஆந்தோசயனிடின். பெயர் ஆந்தோசயனின் மாதிரி ஒலிக்கிறதே தவிர, தேயிலை, மாதுளைத் தோல் வகையைச் சேர்ந்த துவர்ப்புச் சரக்கு இது, டானின் குடும்பம். சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு தோலோடு ஒட்டியிருக்கும். அதனால் தண்ணீரில் எளிதில் கரையாது, வெந்த பிறகும் நிறம் நிற்கும். வெந்த சிவப்பரிசியை மென்று முழுங்கியபின் நாக்கு லேசாக இழுப்பது போலிருப்பதும் இதனால்தான். எச்சிலில் உள்ள புரதங்களை டானின் பிடித்துத் திரள வைக்கிறது, வழவழப்பு போய்த் துவர்ப்பு தெரிகிறது.

பாரம்பரியம் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. வெள்ளை என்பது பின்னால் வந்த பழுது. ஆர்சி என்ற மரபணுவில் 14 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டதால் சிவப்பு அணைந்து போனது. வெள்ளை ரகங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே பழுதைச் சுமக்கின்றன என்று 2007 இல் கண்டார்கள். இந்த ஆர்சி சரியாக இருந்து, கூட்டாளியான ஆர்டி மரபணு பழுதானால் சிவப்பு வராது, பழுப்போடு நின்றுவிடும். கருப்பு இன்னொரு கதை. அது காட்டில் இல்லை, நெல் சாகுபடிக்கு வந்தபின் தோன்றியது: கலா4 என்ற மரபணுவின் முன்பகுதி இடம் மாறி, வேறெங்கோ வேலை செய்ய வேண்டிய நிறமித் தொழிற்சாலை அரிசித் தோலில் ஓட ஆரம்பித்தது. ஆகவே ‘ஆதி அரிசி’ என்ற பட்டம் யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சிவப்புக்குத்தான் கொடுக்க வேண்டும்.

புரதம்: இங்கேதான் ஏமாற்று

உமி நீக்கிய முழு அரிசியில், வெள்ளையோ வண்ணமோ, 100 கிராமுக்கு 7 முதல் 9 கிராம் வரை புரதம் இருப்பது சாதாரணம். சில ரகங்கள் 10 தாண்டும். தவிட்டைச் சீவினால் சுமார் 1 கிராம் போகும். கருப்பரிசியை வெள்ளைப் பச்சரிசியோடு ஒப்பிட்டு ‘பாருங்கள், கூடுதல் புரதம்’ என்று அட்டவணை போடுகிறவர்கள் தோலுள்ள அரிசியைத் தோல் சீவிய அரிசியோடு ஒப்பிடுகிறார்கள். தோலோடு தோலை ஒப்பிட்டால் நிறத்தின் பங்கு காணாமல் போய்விடும். ரகமும், பூக்கும் தருணத்தில் கொடுத்த தழைச்சத்தும்தான் புரதத்தை முடிவு செய்கின்றன. கட்டாக்கில் உள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சிஆர் தான் 310 என்ற ரகம் தீட்டிய பிறகும் 10.3 சதவீதம் புரதம் தரக்கூடியது. அது வெள்ளை அரிசி.

லேபிள் எண்ணிலும் ஒரு சின்னத் தில்லுமுல்லு நடக்கலாம். ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். அரிசிக்கான எண் 5.95, பொதுவாக எல்லா உணவுக்கும் போடுவது 6.25. நைட்ரஜன் 1.4 சதவீதம் என்றால் முதல் கணக்கில் 8.3 கிராம், இரண்டாவது கணக்கில் 8.75. அரிசி மாறவில்லை, கால்குலேட்டர் மாறியிருக்கிறது. 8.4 போட்ட பாக்கெட்டையும் 8.8 போட்ட பாக்கெட்டையும் வைத்துக்கொண்டு எது நல்லது என்று குழம்புவது வீண்.

சாப்பாட்டுத் தட்டில் இது எவ்வளவு? ஒருவேளைக்கு 60 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத அரிசியில் 4.2 கிராம் புரதம், 9 சதவீத அரிசியில் 5.4. வித்தியாசம் 1.2 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு, கிலோவுக்கு 0.83 கிராம் கணக்கில், சுமார் 50 கிராம் தேவை. ஒரு கைப்பிடி பருப்பு இந்த 1.2 கிராமைப் பலமடங்கு தாண்டிவிடும்.

தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசிப் புரதத்தில் பெரும்பகுதி குளூட்டெலின். (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கோதுமையின் குளூட்டன் இதில் இல்லை. ‘குளூட்டினஸ்’ அரிசி என்பதும் பிசுபிசுப்பைத்தான் குறிக்கிறது.) தானியங்களில் அரிசிப் புரதம் நல்ல ரகம்தான், ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, அதைப் பருப்புதான் ஈடுகட்டும். தவிட்டில் ஆல்புமின், குளோபுலின் வகைகள் அதிகம் என்பதால் தோலுள்ள அரிசியில் லைசின் சற்றுக் கூடும். ஆனால் கூடவே நார்ச்சத்தும், தாதுக்களைப் பிடித்து வைக்கும் பைட்டேட்டும் வருகின்றன, சிவப்பரிசியில் டானினும் சேர்ந்துகொள்கிறது. எச்சில் புரதத்தைப் பிடிக்கிற அதே டானின் அரிசிப் புரதத்தையும் பிடிக்கும், செரிமானத்தைக் கொஞ்சம் தடுக்கும். உணவிலுள்ள இரும்பையும் பிடித்து வைக்கும். ரத்தசோகை உள்ளவர் சிவப்பரிசியில் இரும்பு அதிகம் என்று படித்துவிட்டு அதையே நம்பி இருந்தால் எதிர்பார்த்தது கிடைக்காது. புரதத்துக்காகவே வண்ண அரிசி வாங்குவதாக இருந்தால், வாங்க வேண்டாம்.

பாக்கெட்டை எப்படிச் சோதிப்பது

முதல் சோதனை கண். ஒரு கைப்பிடி அரிசியை வெள்ளைத் தாளில் பரப்புங்கள். சிவப்பரிசியில் வெளுத்த மணிகள் கலந்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். அரைகுறையாகத் தீட்டிய மணியில் மேடான பகுதி வெளுத்து, நீளவாக்கில் ஓடும் பள்ளங்களில் மட்டும் சிவப்புக் கோடு தங்கியிருக்கும். மணி முழுவதும் கோடே இல்லாமல் ஒரே சீராக வெளுத்திருந்தால் அது வேறு ரகம், விதையிலோ ஆலையிலோ கலந்தது. அரிசித் தோல் தாய்ச்செடியின் திசு என்பதால் பக்கத்து வயல் மகரந்தம் பட்டு அந்த மணி வெளுத்துவிட்டது என்ற சமாதானம் எடுபடாது. கலப்பு நடந்திருந்தாலும் பின்வரும் தலைமுறைகளில்தான் தெரியும். தீட்டிய சிவப்பரிசியைப் பொறுத்தவரை, பாதி நிறம் போனால் பாதிச் சரக்கு போச்சு. அதை முழு விலைக்கு வாங்க எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது, சாயச் சோதனை. ‘தண்ணீரில் போட்டால் நிறம் இறங்குகிறது, ஆகவே போலி’ என்று சுற்றிவரும் காணொளிகள் கருப்பரிசி விஷயத்தில் முழுத் தவறு. ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும். நல்ல கருப்பரிசியில் தண்ணீர் ஊதா ஆகாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். சரியான முறை இது: 20 கிராம் அரிசியை 100 மில்லி தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நீரை மூன்று கண்ணாடி டம்ளர்களில் பிரியுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு ஐந்தாறு சொட்டு. மூன்றாவதில் சமையல் சோடா ஒரு சிட்டிகை. எலுமிச்சை விட்டது சட்டென்று ரோஜாச் சிவப்பாகும். சோடா போட்டது நீலமாகி, பச்சை தட்டி, விட்டுவைத்தால் மஞ்சளுக்குப் போகும். மூன்றும் ஒரே நிறத்தில் நின்றால் செயற்கைச் சாயம் என்று சந்தேகிக்கலாம். ஒரு எச்சரிக்கை: சங்குப்பூ மாதிரி ஆந்தோசயனின் உள்ள வேறு பொருளில் முக்கி எடுத்த அரிசியும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அதற்குத்தான் வெட்டிப் பார்ப்பது. சாயம் மணியின் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கித் திட்டுத்திட்டாகத் தெரியும். புழுங்கல் கருப்பரிசியில் மட்டும் அவித்தபோதே நிறமி உள்ளே போய், நடுப்பகுதி சாம்பல் ஊதாவாக இருக்கும். அது போலி இல்லை.

சிவப்பரிசிக்கு விதி தலைகீழ். கழுவிய நீர் லேசான தேநீர்ப் பழுப்பாக இருக்கலாம். பளிச்சென்ற சிவப்போ ரோஜா நிறமோ இறங்கினால் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுப்பில் என்ன நடக்கிறது

கலிஃபோர்னியாவில் விளைந்த கருப்பரிசியை வைத்து 2009 இல் வந்த ஆய்வில், சயனிடின்-3-குளுக்கோசைடு கேஸ் அடுப்பில் வைத்த பாத்திரத்தில் 65 சதவீதமும், மின் குக்கரில் 74 சதவீதமும், பிரஷர் குக்கரில் 80 சதவீதமும் அழிந்தது. அழிந்ததில் ஒரு பங்கு புரோட்டோகேட்டகுயிக் அமிலமாக மாறுகிறது. அதுவும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்தான் என்பது ஆறுதல். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 150 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 60 கிராம் அரிசியில் 90. வெந்து தட்டுக்கு வரும்போது 20 முதல் 30. விளம்பரத்தில் இந்தக் கழித்தல் கணக்கு இருப்பதில்லை.

அதனால் செய்முறை முக்கியம். கருப்பரிசியை ஒருமுறை மட்டும் வேகமாகக் கழுவி, சமைக்கப்போகும் அளவு தண்ணீரிலேயே (ஒன்றுக்கு இரண்டரை) 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்து, அதே நீரில் வேகவிடுங்கள். ஊறிய நீரைக் கொட்டினால் காசு கொடுத்து வாங்கியதில் நல்ல பங்கைச் சாக்கடையில் விட்டதாக அர்த்தம். வெயில் காலத்தில் 8 மணி நேரம் தாண்டினால் புளித்துவிடும், குளிர்பெட்டியில் வையுங்கள். சாதாரணப் பாத்திரத்தில் மூடி போட்டு 40 நிமிடம் பிடிக்கும். குக்கரில் நான்கைந்து விசிலுக்குப் பின் சிறு தீயில் 10 நிமிடம். ஊறாமல் ஏற்றினால் தோல் வெடிக்காது, உள்ளே மாவு வெந்தாலும் மணி ரப்பர் மாதிரி நிற்கும். தண்ணீர் போதாததுதான் காரணம் என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். தண்ணீர் குறையில்லை, நீர் புகாத தோல்தான் குறை. ஊறலும் நேரமும்தான் மருந்து. அவசரம் என்றால் குருணையாக உடைத்தது வாங்குங்கள். சீக்கிரம் வேக சோடா போடுகிறவர்கள் உண்டு. மணி மெத்தென்று ஆகும், நிறம் பச்சை கலந்த சாம்பலாகும், நிறமி அழியும். இரும்புச் சட்டியிலும் கடினத் தண்ணீரிலும் நிறம் நீலத்தை நோக்கிப் போகும். அது கெட்டுப்போனது இல்லை, உலோகம் பிடித்துக்கொண்டது.

சிவப்பரிசியில் இந்தப் பதற்றம் தேவையில்லை. நிறமி தோலோடு நிற்பதால் இரவு முழுக்க ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டு, ஒன்றுக்கு மூன்று புதுத் தண்ணீர் வைத்தாலும் இழப்பு குறைவு. துவர்ப்பு பிடிக்காதவர்களுக்கு அதுவே நல்லது.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. நெல் மண்ணிலிருந்து ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளை இழுக்கும் பயிர். கனிம ஆர்சனிக் தவிட்டில்தான் அதிகம் சேரும். நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அது குறையும், கருப்பரிசியின் நிறமியும் கூடவே போகும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற வழி இல்லை. தினமும் மூன்று வேளையும் கருப்பரிசியே என்று இருக்காமல் வாரத்தில் சில நாள் என்று வைத்துக்கொண்டு நீரை வற்றவிட்டுச் சமைப்பது நடுநிலை. கைக்குழந்தைகளுக்கு இதையே அன்றாட உணவாக வைக்க வேண்டாம்.

மாவு, அவல், பொரி, நூடுல்ஸ்

மாவுக்கு அரை மனதோடுதான் மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது. தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். அரைத்ததும் அதை உடைக்கும் லைப்பேஸ் நொதி எண்ணெயோடு கலந்துவிடும், சில வாரங்களில் பழைய எண்ணெய் வாடை வரும். ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அச்சடித்த வண்ண அரிசி மாவு, ஒன்று வெப்பத்தில் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தவிடு நீக்கியதாக இருக்க வேண்டும். எது என்று பாக்கெட்டில் சொல்வதில்லை. அரிசி வாங்கி அரைத்துக்கொள்வது மேல்.

சிவப்பரிசி அவல் பரவாயில்லை. நசுக்கும்போது தவிடு உதிர்ந்திருக்கிறதா என்று பாக்கெட்டின் அடியில் பாருங்கள். கருப்பரிசிப் பொரியில் ஆந்தோசயனின் பெரிதாக மிஞ்சாது. அந்தச் சூட்டில் தாக்குப்பிடிக்கிற நிறமி இல்லை, பழுப்புதான் மிச்சம். நூடுல்ஸ் வாங்குவதாக இருந்தால் பொருள் பட்டியலில் முதலில் இருப்பது எது என்று பாருங்கள். மைதாவோ வெள்ளை அரிசி மாவோ முதலில் இருந்து, கருப்பரிசி மாவு நான்காவதாக வந்தால் அது படத்துக்காகச் சேர்த்தது.

முழு அரிசிக்கும் எண்ணெய்ச் சிக்கல் உண்டு, மெதுவாக வரும். காற்றுப்புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். புழுங்கல் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவிக்கும்போதே லைப்பேஸ் செயலிழந்துவிடுவதால். வாங்கும்போது பாக்கெட் தேதியோடு அறுவடைப் பருவத்தையும் கேளுங்கள், சொல்லத் தெரிந்த விற்பனையாளர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்பூன் அரிசியை உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதிச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள். நல்ல அரிசியில் வைக்கோல் மணமோ பருப்பு மணமோ வரும். பெயின்ட் டப்பா நினைவுக்கு வந்தால் வேண்டாம்.